முதலில் வரி, அப்புறம் லெம்பி

டாமரேக் லேண்டிங், மிச்சிகன்
பிப்ரவரி 3, 2018

திருமதி ஹர்யூலா அவர்களுக்கு,

உங்கள் பதில் நேற்று வந்தது. பதில் என்று அதைச் சொல்வதே தப்பு. நான் அனுப்பிய சம்மதப் பத்திரத்தில் 'சம்மதமில்லை' என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு. கீழே உங்களுக்குப் பதிலாக உங்கள் மகன் டேலின் கையெழுத்து. வேறு ஒன்றுமில்லை.

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை உங்கள் கையாலேயே எழுதியிருக்கலாம் என்றுதான் தோன்றியது. போன் செய்தால் டேல் எடுப்பான். விவாகரத்துக்குப் பிறகு அவனோடு பேச என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் கடிதம்.

அந்தப் பத்திரத்தின் சட்ட வாசகங்கள் எனக்கே தலை சுற்ற வைத்தன. உங்களுக்கு யாராவது விளக்கினார்களோ என்னவோ. நானே சொல்லிவிடுகிறேன்.

பவுலிங் கூடத்தின் கூரையும் அதைச் சூடாக்கும் பாய்லரும் இனித் தாங்காது. ஏரிப் பக்கச் சுவர் வழியாகக் காற்று உள்ளே வந்து உட்காருகிறது. இப்படிப்பட்ட கட்டடங்களைக் குளிர் தாங்கும்படி சீர்செய்ய எங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. செலவுக்கான பணத்தை ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும். அதை மாவட்டம் சொத்து வரியோடு சேர்த்துவிடும். இருபது வருஷத்துக்கு, வரி கட்டும்போதெல்லாம் அதிலும் ஒரு பங்கு கட்ட வேண்டும். கடன் என் பெயரில் இருக்காது. கட்டடத்தின் மேல் இருக்கும். நாளைக்கே நான் விற்றுவிட்டுப் போனாலும் வாங்குகிறவர் கட்டுவார்.

இடிக்கும் இடம் ஒன்றுதான். உங்கள் கணவர் வெய்க்கோ இறந்தபிறகு கூடத்தை நீங்கள் எனக்கு விற்றீர்கள். விலையை மாதாமாதம் கொடுத்தால் போதும் என்றீர்கள். அந்தப் பாக்கிக்காகக் கட்டடம் உங்களிடம் அடமானத்தில் இருக்கிறது. வரி பாக்கி எப்போதும் அடமானத்துக்கு முன்னால் நிற்கும். ஆகவே அடமானம் வைத்திருப்பவர் சம்மதித்தால்தான் நிறுவனம் பணம் தரும்.

கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. எதை மறுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதச் செக் உள்ளே இருக்கிறது.

லோர்னா ட்ரெம்பாத்


மேசா, அரிசோனா
பிப்ரவரி 11

லோர்னா,

திருமதி ஹர்யூலா யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். என் மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சே, அவங்களுக்கு யார் இப்போ லெட்டர் போடுறாங்கன்னு. பதினெட்டு வருஷம் என் சமையலறையில நின்னு "லெம்பி, காப்பி இருக்கா"ன்னு கேட்டவ நீ. உன் பேரைப் பழையபடி ட்ரெம்பாத்னு மாத்திக்கிட்ட, சரி. என் பேரை ஏன் மாத்துற?

எந்தப் பத்திரம்? நான் எதையும் பாக்கல. போன இலையுதிர் காலத்துல கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. அப்போ எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரிஞ்சது. ஆஸ்பத்திரி பில்லு, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் பாத்துக்கட்டும்னு டேலுக்குப் பவர் எழுதிக் குடுத்தேன். இப்போ கண்ணு நல்லாயிருக்கு. பவர் மட்டும் அவன்கிட்டயே இருக்கு. இதப் பத்தி இன்னும் அவன்கிட்டக் கேக்கல. கேக்குறதுக்கு முன்னாடி எனக்கு விஷயம் முழுசாத் தெரியணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டு வருஷமா மாசாமாசம் செக் வருது. ஒரு தடவ கூட ரெண்டு வரி இல்ல. சில்வியா மக்கி இன்னும் இருக்காளா, செத்துட்டாளான்னுகூட எனக்குத் தெரியாது. பேங்க்லேருந்து வர்ற கடுதாசியில கூட 'அன்புள்ள வாடிக்கையாளரே'ன்னு இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். முத தடவ ஆட வர்றவங்களுக்கு கவுன்ட்டர்ல நின்னு எப்படிப் பொறுமையாச் சொல்லித் தருவியோ, அப்படிச் சொல்லு. பேங்க்ல ஏன் கேக்கல? வரி எனக்கு முன்னாடி நிக்கும்னா எது நிக்கும்? இருபது வருஷத்துக் கடனும் மொத்தமா வந்து நின்னுக்குமா, இல்ல கட்டாத தவணை மட்டுமா? நாளைக்கு நீ கையை விரிச்சிட்டா எனக்கு என்ன மிஞ்சும்? உன் செக்கை வச்சுத்தான் மகன் வீட்டுல நான் தலைநிமிந்து உக்காந்திருக்கேன். அது உனக்குத் தெரியணும்.

இங்க பிப்ரவரியில ஆரஞ்சு பழுத்துக் கீழ விழுந்து கெடக்குது. யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டேங்குறாங்க.

லெம்பி


டாமரேக் லேண்டிங்
பிப்ரவரி 24

லெம்பி,

சில்வியா மக்கி சாகவில்லை. செவ்வாய்க்கிழமைப் பெண்கள் அணியின் தலைவியே இப்போது அவள்தான். போன வாரம் கோட்டு, தொப்பி, கழுத்துத் துணி எல்லாவற்றோடும் வந்து நின்றுகொண்டு, "லோர்னா, பந்தைப் பிடிக்கிறப்போ கையுறையக் கழட்டணும்னு எங்கயாச்சும் சட்டம் இருக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வாரம் ஐந்து பேர் வரவில்லை.

பேங்கில் கேட்டேன். ஐந்து வருஷத்தில் கட்டு என்றார்கள். அந்த மாதத் தவணையோடு உங்கள் செக்கையும் கட்டினால் நான் சாப்பிடுவதை நிறுத்த வேண்டியிருக்கும். இதில் இருபது வருஷம். மிச்சமாகும் கேஸ் செலவே தவணையைக் கட்டிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள்.

அந்தக் கணக்குப் போட கெண்ட்ரா என்று ஒரு பெண் வந்தாள். எல்லாக் கதவையும் சாத்தி, வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்தாள். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் குளிர்காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஷூ அலமாரிக்குப் பின்னால் ஒரு விசில். கழிப்பறையில் ஒன்று. ஏரிப் பக்கச் சுவரில் ஒரு கச்சேரியே நடந்தது. சுவரில் துளை போட்டுப் பார்த்தோம். உள்ளே நிரப்பியிருந்த மரத்தூள் எல்லாம் கீழே இறங்கி, மேல் பாதி வெறும் பொந்தாக இருந்தது.

"இத்தனை வருஷமா இதுக்குள்ள எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இங்க பொறந்தவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல," என்றேன். ரோஷத்தில்தான். அன்று சாயங்காலம் நானும் கோட்டோடுதான் கல்லாவில் நின்றேன்.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இருபது வருஷக் கடனும் உங்கள் முன்னால் வந்து நிற்காது. கெடு தாண்டிக் கட்டாமல் விட்ட தவணை மட்டும்தான் நிற்கும். அதை மாவட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மீதி உங்களுக்கு. ஆனால் நான் வரிசையாகக் கட்டாமல் விட்டால் மாவட்டம் கட்டடத்தையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அப்படி ஆனால் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆபத்தே இல்லை என்று எழுதினால் அது பொய்.

வெறும் செக் அனுப்பினேன் என்கிறீர்கள். டேல் உங்களை அழைத்துப் போன அன்று காலை நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். காரில் உட்கார்ந்த நீங்கள் கண்ணாடியை இறக்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடியே போனீர்கள். அதற்குப் பிறகு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

லோர்னா


மேசா
மார்ச் 9

லோர்னா,

டேல்கிட்டக் கேட்டேன். ஞாயித்துக்கிழமை, முட்டை சாப்பிட்டுட்டு இருக்கறப்போ. சண்டையாக் கேக்கல. "லோர்னா பத்திரம் அனுப்புனாளாமே"ன்னு மட்டும் கேட்டேன்.

முள்கரண்டியக் கீழ வச்சான். "அம்மா, உன் நல்லதுக்குத்தான் வேணாம்னு போட்டேன். வரியை உனக்கு முன்னாடி நிறுத்தறதுக்கு எந்தப் பைத்தியமாவது சம்மதிக்குமா?"

"அத என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"உனக்குக் கண்ணு தெரியாம இருந்துச்சு."

"ஜனவரியில நல்லாத் தெரிஞ்சுது."

தட்டைத் தள்ளி வச்சான். அப்புறம் சொல்றான், "இங்க பாரு, அவளால இத நடத்த முடியல. இன்னிக்கு இல்லன்னாலும் அடுத்த வருஷம் விட்டுருவா. விட்டா கட்டடம் நமக்குத் திரும்ப வரும். நெடுஞ்சாலை ஓரம். மலிவுக் கடை நடத்துறவன் ஒருத்தன் அந்தப் பக்கம் எடம் தேடிக்கிட்டு இருக்கான். இடிச்சிட்டு நல்ல விலைக்குக் குடுத்துரலாம்."

"நமக்கா?"ன்னேன்.

"உனக்கு"ன்னான். முகம் செவந்துருச்சு.

அவன் கெட்டவன் இல்ல லோர்னா. உனக்கு அவன் செஞ்சது எனக்குத் தெரியும். ஆனா தினமும் காலையில எனக்குக் கண்ணுல சொட்டு மருந்து போட்டவன் அவன்தான். எதையும் முடிஞ்சுபோன மாதிரியே பாப்பான், சின்ன வயசுலேருந்து. ஆட்டம் பாதியில இருக்கறப்பவே ஷூவக் கழட்டிருவான்.

இங்க லைப்ரரியில வயசானவங்களுக்கு இலவசமா ஒரு வக்கீல் வருவாரு. உன் லெட்டரை எடுத்துட்டுப் போனேன். நல்லாப் படிச்சாரு. "வக்கீலாச் சொல்லணும்னா, கையெழுத்துப் போடாதீங்க"ன்னாரு. "ஏன்?"னு கேட்டேன். "உங்களுக்கு இதுல எந்த லாபமும் இல்ல. இருக்கற எடத்தை விட்டு ஒரு படி கீழ இறங்குறீங்க. அவ்வளவுதான்"ன்னாரு. "கட்டடம் கெட்டியாச்சுன்னா அடமானமும் கெட்டிதானே?"ன்னேன். சிரிச்சாரு. "அவங்க இருபது வருஷம் தாக்குப்பிடிச்சாத்தான்"ன்னாரு. தப்பாச் சொல்லல அவரு.

நான் இன்னும் முடிவு பண்ணல. கேஸ் பில்லு, வேலைக்காரங்க குடுத்த மதிப்பீடு, ரெண்டையும் அனுப்பு. வாசலுக்குப் புதுசா ஒளிவிடுற போர்டுன்னு ஏதாவது அதுல சேத்திருந்தா எடுத்துரு. போர்டு கதகதப்பாக்காது.

கார் விஷயம். உன் முகத்தைப் பாக்குற தைரியம் இல்ல. நான் பெத்த பையன் உன்னை விட்டுட்டுப் போறான், நான் அவன் கார்லயே ஏறிப் போறேன். கண்ணாடிய இறக்கி என்னன்னு சொல்ல? 'போயிட்டு வரேன்'னா?

லெம்பி


டாமரேக் லேண்டிங்
மார்ச் 19

லெம்பி,

நீங்கள் கேட்ட காகிதங்களை அனுப்பவில்லை. தேவைப்படாது.

வியாழக்கிழமை பாய்லர் நின்றுவிட்டது. அதை ஓட வைப்பதற்குள் கழிப்பறைக் குழாய் உறைந்து வெடித்து, தண்ணீர் கடைசி இரண்டு தடங்களுக்கும் கீழே போய்விட்டது. பலகைகள் பிதுங்கிக் கிடக்கின்றன. பந்தை விட்டால் பாதி வழியில் தானாகத் திரும்பிப் பக்கத்துக் குழிக்குள் போகிறது. நானும் சில்வியாவும் துணியைப் போட்டு ஒற்றிக்கொண்டே இருந்தோம்.

அப்போது நிதானமாக யோசித்துப் பார்த்தேன். உங்கள் வக்கீல் சொன்னதுதான் சரி. டேல் சொன்னதில் கூடப் பாதி சரி. எனக்கு ஐம்பது வயது. எழுபது வரை இதே கூரையைக் காப்பேன் என்று எந்தத் தைரியத்தில் உங்களிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. பேங்க்காரர்கள் மறுத்தால் கோபம் வரும், மறந்துவிடும். நான் விழுந்தால் உங்கள் சாப்பாடும் என்னோடு விழும். அதைச் சுமந்துகொண்டு என்னால் தூங்க முடியாது.

நிறுவனத்துக்கு ஏப்ரல் நடுவில் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன். லீக் ஆட்டங்கள் மே மாதம் முடியும். அதற்குப் பிறகு சாத்திவிட்டு, கட்டடத்தை எப்படி விற்பது என்று உங்களையே கேட்டு முடிவு செய்கிறேன். யாருக்கு விற்றாலும் முதல் பணம் உங்களுக்கு.

நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

காரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். 'போயிட்டு வரேன்' என்றே சொல்லியிருக்கலாம், லெம்பி.

லோர்னா


மேசா
ஏப்ரல் 4

லோர்னா,

நிறுவனத்துக்கு எழுதிட்டியா? எழுதலன்னா எழுதாத. எழுதியிருந்தா, தப்பா எழுதிட்டேன்னு திரும்ப எழுது. கையெழுத்துப் போட்ட பத்திரம் இதோட இருக்கு.

நீ வேணாம்னு சொன்னதாலதான் போட்டேனோன்னு டேல் கேட்டான். இருக்கலாம். கடன் கேக்குறவங்களை நான் நெறையப் பாத்திருக்கேன். கவுன்ட்டர்ல நின்ன காலத்துல, சம்பளம் வந்ததும் தரேன்னு ஆடிட்டுப் போனவங்க எத்தனை பேரு. கேட்டுட்டு, 'உனக்குக் கஷ்டம், குடுக்காத'ன்னு திரும்பி வந்து சொன்னவங்க யாருமில்ல. வக்கீல்கிட்ட மறுபடி போய் இதச் சொன்னேன். "அதெல்லாம் சட்டத்துல வராது"ன்னாரு. "எனக்குத் தெரியும்"ன்னேன்.

முதல்ல பவரைத் திரும்ப வாங்கினேன். அது ஒரு நாள் வேலை. பக்கத்து வீட்டு கொன்சுவேலோ கார்ல கூட்டிட்டுப் போனா. அப்புறம் நோட்டரி. சின்னப் பையன், டை கட்டிக்கிட்டு. "மேடம், யாராவது வற்புறுத்திக் கையெழுத்து வாங்குறாங்களா?"ன்னு கேட்டான். "ஒருத்தி போடாதன்னு வற்புறுத்துறா, அது கணக்குல சேருமா?"ன்னேன். முழிச்சான். கொன்சுவேலோ சிரிப்ப அடக்க முடியாம வெளிய போயிட்டா.

ஒண்ணு தெரிஞ்சுக்க. நான் தைரியசாலி இல்ல. பேனாவ எடுத்து ரெண்டு தடவ கீழ வச்சேன். அந்தக் காகிதத்துல எழுதியிருக்கு, வரி முதல்ல, நான் அப்புறம்னு. வெய்க்கோவும் நானும் செங்கல் தூக்கிக் கட்டின கட்டடத்துல எனக்கு ரெண்டாவது எடம். ஆனா பிதுங்கின பலகைக்கும் வெடிச்ச குழாய்க்கும் முதல் ஆளா நின்னு நான் என்ன பண்ணப் போறேன்?

டேலுக்குச் சொன்னேன். ரெண்டு நாள் சாப்பாட்டைத் தட்டுல வாங்கிட்டுப் போய் டிவி முன்னாடி உக்காந்துட்டான். இன்னிக்குக் காலையில நான் உறையோட பஸ் ஸ்டாப்புக்குக் கெளம்பினேன். கார் சாவிய எடுத்துட்டு வந்தான். "ஏறு"ன்னான். போஸ்ட் ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போனான். அங்க போய் உறையக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். கிழிச்சிருவானோன்னு நெனச்சேன்.

"இது சாதாரணத் தபால்ல போகக் கூடாது. பதிவுத் தபால்ல அனுப்பு. அங்க யாராச்சும் தொலைச்சிட்டா?"ன்னான். காசும் அவனே குடுத்தான்.

அதனால பதிவுத் தபால்.

லெம்பி


டாமரேக் லேண்டிங்
செப்டம்பர் 16

லெம்பி,

கோடை முழுக்க உங்களுக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுத நேரமில்லை. செக்கோடு வைத்த துண்டுக் காகிதங்களை மன்னிக்கவும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "லோர்னா, கட்டுறியா, இடிக்கிறியா?" என்று கேட்கும்படிதான் இருந்தது.

கூரையைப் பிரித்ததும் அடியில் இருந்த பலகை மட்கியிருந்தது தெரிந்தது. ஒப்பந்தக்காரர் ரஸ்ஸல் ஓயலா மேலேயிருந்தே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். காப்பித் தூள் மாதிரி உதிர்ந்தது. "இது கணக்குல இல்ல," என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். நீங்கள் எடுக்கச் சொன்ன போர்டை எடுத்திருந்தேன் அல்லவா, அந்தப் பணத்தில் பெரும்பகுதி பலகைக்குச் சரியாகிவிட்டது. மிச்சத்துக்குச் சில்வியாவின் அணி இறைச்சி பொதிந்த பாஸ்டி சுட்டு விற்றது. ரஸ்ஸலின் ஆட்களே பாதியை வாங்கித் தின்றார்கள். ரஸ்ஸல் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அது நல்ல மனதாலா, தின்ற பாஸ்டிக்காகவா என்று கேட்கவில்லை.

இப்போது ஏரிப் பக்கச் சுவருக்குள் முழுக்கச் சூட்டைக் காக்கும் புதுப் பஞ்சு. கூரைப் பலகைக்கு மேலே என் முழங்கை நீளத்துக்குப் பலகை மாதிரி இறுகிய பஞ்சு, அதன் மேலே புதுக் கூரை. பாய்லர் பழையதில் கால்வாசி கூட இல்லை. சுவரில் மாட்டிவைத்த சூட்கேஸ் மாதிரி இருக்கிறது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கெண்ட்ரா மறுபடி வந்து விசிறியைப் போட்டாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் விசில் கேட்டது. அது ரஸ்ஸலின் மூக்கு.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் வரிச் சீட்டு வரும். அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். அதைப் பார்க்கும்வரை எனக்கு இது நிஜமாகாது.

லோர்னா


டாமரேக் லேண்டிங்
பிப்ரவரி 8, 2019

லெம்பி,

இந்த மாதச் செக் இதோடு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியின் கடைசியில் ஏரியிலிருந்து வந்த பனிப்புயலைப் பற்றி அங்கேயும் செய்தியில் சொல்லியிருப்பார்கள். நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். கூடம் கதகதப்பாக, விளக்கு எரிந்துகொண்டு, ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு வாரத்து வரவு போய்விட்டது. அதே சமயத்தில் வரிக்குக் கெடு வந்தது. கையில் இருந்தது ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும்.

சமையல் மேஜையில் வரிச் சீட்டையும் உங்களுக்கு எழுத வேண்டிய செக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டது இந்த மாதிரி ஒரு வாரத்துக்காகத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் காகிதத்தில் இருந்ததை அப்படியே செய்தேன். வரியைக் கட்டிவிட்டேன். நீங்கள் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. இருபதாம் தேதிக்குள் கட்டாயம் அனுப்புகிறேன். லீக் மறுபடி நிரம்பிவிட்டது. சில்வியா இப்போது அரைக்கை பிளவுஸில் ஆடுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

கேஸ் பில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. நகல் அனுப்புகிறேன், நீங்களே பாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். புயல் ஓய்ந்த அன்று காலை கதவைத் திறக்க வந்தேன். வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ இடிந்துவிட்டது என்று ஓடினேன். ஒன்றும் இல்லை. கூரை மேல் பனி இருந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு, ஓரம் கலையாமல், மெத்தை போட்ட மாதிரி.

ரஸ்ஸலுக்குப் போன் செய்தேன். "பனி தங்குதா?" என்று கேட்டார். "தங்குது, விழுந்துருமோன்னு பயமாயிருக்கு," என்றேன். "அந்தப் பாரத்தைத் தாங்குற மாதிரிதான் போட்டிருக்கேன். சந்தோஷப்படு. உன் சூடு மேல போகல," என்றார்.

சில்வியா சொல்கிறாள், அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து எவ்வளவு பனி பெய்தாலும் ஹர்யூலா கூரை மட்டும் கருப்பாகவே இருக்குமாம். ஊரில் முதலில் உருகுவது அதுதானாம். நல்ல கூரை, பனியே ஒட்டாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

கோபம் இருந்தால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

லோர்னா


மேசா
பிப்ரவரி 15

லோர்னா,

வரியைக் கட்டினது சரி. அதுதான் ஒழுங்கு. எனக்கு முதல்ல அனுப்பியிருந்தா இங்கருந்தே உன்னைத் திட்டியிருப்பேன். இருபதாம் தேதின்னு சொன்னா இருபதாம் தேதி. இந்த மாசம் இறைச்சிக்குப் பதிலா பட்டாணி சூப். நான் அதுல வளந்தவதான்.

டேல்கிட்டச் சொன்னேன். 'அப்பவே சொன்னேனே'ன்னு ஆரம்பிப்பான்னு பாத்தேன். கேஸ் பில்லை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான். "பாதிக்கும் கீழயா?"ன்னான். அப்புறம் கூரைப் பனியப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சுக் காட்டினேன். எழுந்து போய் என் காப்பிக் கோப்பைய நிரப்பிட்டு வந்தான்.

சில்வியா சொல்றது உண்மை. ஊர்லயே நம்ம கூரைதான் முதல்ல கருக்கும். வெய்க்கோவுக்கு அதுல ஒரே பெருமை. காலையில வெளிய நின்னு, இடுப்புல கை வச்சுக்கிட்டு, பக்கத்துக் கூரைங்களையெல்லாம் பாத்துட்டு நம்மதைப் பாப்பாரு. "பாத்தியா லெம்பி, ஒரு துளி ஒட்டல"ம்பாரு. அத்தனை வருஷமும் நாங்க ஆகாசத்துக்குச் சூடு போட்டுட்டு இருந்திருக்கோம். அதுவும் எங்க காசுல. அவர் இருந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பாரு. அப்புறம் அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பாரு.

நேத்து இங்க நீச்சல் குளத்துகிட்ட வழக்கமான பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. எல்லாம் வெயிலுக்கு ஓடி வந்ததுங்க, ஒஹையோ, மினசோட்டான்னு. உன் லெட்டரை எடுத்துக்கிட்டுப் போனேன். "என் மருமக கூரையில ஆள் ஒசரத்துக்குப் பனி நிக்குது"ன்னு சொன்னேன். யாருக்கும் இதுல என்ன பெருமைன்னு புரியல. ஒண்ணொண்ணா விளக்கினேன். சூடு, பஞ்சு, வரி, இருபது வருஷம், எல்லாம். பாதி பேரு தூங்கிட்டாங்க.

ஒருத்தி மட்டும் முழுசாக் கேட்டா. ஃப்ளாரன்ஸ்னு பேரு, எல்லார் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியும். "லெம்பி, உன் மகனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் விவாகரத்து ஆயிடுச்சுன்னாங்களே?"ன்னா.

"ஆமா, அவங்க ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு"ன்னேன். "எனக்கும் அவளுக்கும் ஆகல."

லெம்பி